அலைக்குளத்து ஓரமா ஒரு படையல்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலைதான். எங்க வீட்டுக்காரருக்குப் பிறந்தநாள். ஒரு படையல் வைக்கணும்.

வீட்ல வச்சிருந்தா கால் மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். நான் அதைக் கொண்டு போய் தீம் பார்க்ல வச்சேன்.

இருங்க, இருங்க, திட்டாதீங்க. முழுசா கேளுங்க.

அவர் ஸ்கூல்ல பி.டி. வாத்தியார். வருஷா வருஷம் பிள்ளைங்களை தீம் பார்க்குக்கு டூர் கூட்டிட்டுப் போவார். நானும் கூடவே தொத்திக்கிட்டுப் போவேன். பிள்ளைங்களை விட இவர்தான் முன்னாடி ஓடி எல்லாத்துலயும் ஏறுவார். நான் கீழ நின்னு அம்பது ஜோடி செருப்புக்குக் காவல் இருப்பேன்.

அங்க ஒரு பெரிய பச்சைக் கலர் சறுக்கு. ரப்பர் டியூப்ல ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து, சுத்திச் சுத்தி வந்து தண்ணியில விழணும். அதைப் பார்த்தாலே நான் ரெண்டு எட்டு பின்னாடி போயிடுவேன்.

"செல்வி, ஒரே ஒரு தடவை வாடி."

"வேற வேலை இல்லையா உங்களுக்கு?"

"பயம். ஏறினா கத்திடுவே."

"நானா? வாயே திறக்கமாட்டேன். பாக்குறீங்களா?"

"பாக்குறேன், ஏறு."

"அடுத்த வருஷம்."

இப்படியே வருஷம் ஓடிப்போச்சு. போன வருஷம் அவர் ஒரு நாள் காலையில காபி குடிச்சிட்டு நாற்காலியில சாஞ்சவர்தான். எழுந்திருக்கலை.

வருஷத் திதியை போன மாசம் பையன் வந்து காவேரிக்கரை அம்மா மண்டபத்துல முறையா செஞ்சுட்டுப் போயிட்டான். சொந்தக்காரங்க வந்தாங்க, சாப்பிட்டாங்க, போனாங்க. எனக்குத்தான் மனசு ஆறலை. அந்த மனுஷனுக்கு வாழைக்காய்ப் பொரியலா பிடிக்கும்? அவருக்குப் பிடிச்சது சறுக்கு. பிறந்தநாளுக்கு அவர் பேரைச் சொல்லி நான் அதுல ஏறணும். வாயைத் திறக்காம இறங்கணும். முடிவு பண்ணிட்டேன்.

துணைக்கு ஆள் வேணுமே! என் நாத்தனாரைக் கேட்டேன். அவரோட சொந்த அக்கா. நானும் அக்கான்னுதான் கூப்பிடுவேன். ஸ்ரீரங்கத்துல எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளித்தான் இருக்காங்க. காலையில பெரிய கோயிலுக்குப் போயிட்டு வராம பச்சைத் தண்ணி பல்லுல படாது.

"உனக்கு என்ன மூளை குழம்பிப் போச்சா? ஊர் சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும்க்கா. உங்க தம்பியும் சிரிக்கத்தானே சொல்லுவார்?"

அக்கா முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "சரி. ஆனா மாலை போட்ட போட்டோவைத் தூக்கிக்கிட்டு வராதே. எல்லாரும் நம்மளையே பரிதாபமா பார்ப்பாங்க"ன்னு ஒரு கண்டிஷன் போட்டாங்க.

இந்த ஒரு கண்டிஷன்தாங்க எல்லாத்துக்கும் காரணம்!

போட்டோ இல்லாம எப்படிப் படைக்கிறது? அதனால புது வேட்டி, புதுச் சட்டை, கூட அவரோட மூக்குக்கண்ணாடி, அவர் போட்ட செருப்பு. எல்லாத்தையும் ஒரு பையில வச்சேன். டிக்கெட்டை அவர் போன்ல இருந்துதான் எடுத்தேன். அதனால அவர் பேர்லயே வந்துச்சு. ரங்கசாமி, கூட இன்னொருத்தர். பிரிண்ட் எடுத்து, மடிச்சு அந்தப் புதுச் சட்டைப் பையிலயே வச்சேன். கூட்டிட்டுப் போறவர் அவர்தானே!

சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய், பஸ் மாறி மணப்பாறை. அங்க இறங்கி அவருக்குப் பிடிச்ச முறுக்கு ரெண்டு பாக்கெட். அங்கிருந்து ஆட்டோ.

பார்க் வாசல்ல டிக்கெட்டைக் காட்டிட்டு மறுபடி சட்டைப் பையிலயே வச்சேன். அப்புறம் பையைச் சோதனை போட்டாங்க. வெளிச் சாப்பாடு உள்ள வரக்கூடாதாம். படையலுக்குன்னு நான் செஞ்சு கொண்டு வந்த வடையும் பாயசமும் இருந்த தூக்கை வாங்கி வச்சுக்கிட்டு ஒரு டோக்கன் குடுத்தாங்க.

"போச்சு! இனிமே என்னத்தை வச்சுப் படைக்கிறது?"ன்னு நான் புலம்பறேன். அக்கா விறுவிறுன்னு நடந்தாங்க. உள்ள வந்து நாலு எட்டு வச்சதும் முந்தானைக்குள்ள கையை விட்டு ரெண்டு பாக்கெட் முறுக்கையும் எடுத்தாங்க.

"அக்கா!"

"என்ன அக்கா? என் தம்பி பிறந்தநாளுக்கு வெறும் துணியையா வைப்பே?"

கோயிலுக்குப் போகாம காபி குடிக்காதவங்க, முறுக்கு கடத்துறாங்க!

அடுத்த கண்டம் டிரஸ். சேலை கட்டிக்கிட்டு தண்ணிப் பக்கமே போகக்கூடாதாம். நைலான்ல அரைக்கால் பேன்ட்டும் டி-ஷர்ட்டும் வாடகைக்குத் தர்றாங்க. எனக்கு ஊதாக் கலர். அக்கா சைஸுக்கு ஒண்ணுதான் இருந்துச்சு. மஞ்சள் கலர், நெஞ்சு முழுக்க வாத்துப் படம்.

அக்கா போட்டுக்கிட்டு வெளிய வந்தாங்க. நெத்தியில சிவப்புக் கோடா ஸ்ரீசூர்ணம், கீழ வாத்து. நான் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன்.

"சிரிச்சே, இப்பவே அடுத்த பஸ்ல ஏறிடுவேன்!"

"சிரிக்கலைக்கா. இருமல்."

அலை அடிக்கிற குளம் ஒண்ணு இருக்கு. அவருக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அதோட ஓரத்துல ஒரு சாய்வு நாற்காலி காலியா இருந்துச்சு. அதுல வேட்டி சட்டையை மடிச்சு வச்சு, மேல மூக்குக்கண்ணாடியை வச்சேன். முறுக்குப் பாக்கெட் பக்கத்துல. கீழ செருப்பு. சூடம் ஏத்த விடமாட்டாங்களே, ரெண்டு பேரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கிட்டோம்.

"வாங்கக்கா, அவர் பாட்டுக்கு இருக்கட்டும். நாம போய் சறுக்குல ஏறிட்டு வந்துடலாம்"னு கிளம்பிட்டோம்.

ஏறினேன். பாதிப் படி வரைக்கும் போய் இறங்கிட்டேன். ஒரு ஜூஸ் குடிச்சேன். மறுபடி ஏறினேன். இறங்கிட்டேன். பாத்ரூம் போனேன். அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. இப்படியே மதியமாயிடுச்சு.

கடைசியா "முருகா"ன்னு உச்சிக்கே போயிட்டேன். எங்களுக்கு முன்னாடி ஒரே ஒரு ஜோடி. அப்பத்தான் கீழ விசில் சத்தம். ஒண்ணு இல்லை, நாலஞ்சு விசில்!

எட்டிப் பார்த்தா, அலைக்குளத்துல இருந்து எல்லாரையும் வெளிய விரட்டுறாங்க. அலையை நிறுத்திட்டாங்க. லைஃப்கார்டுங்க டொப்பு டொப்புன்னு தண்ணிக்குள்ள குதிக்கிறாங்க. யாரோ மூழ்கிட்டாங்க போலிருக்கேன்னு அக்கா தோளைப் பிடிச்சுக்கிட்டேன்.

"அய்யோ பாவம், யார் பெத்த பிள்ளையோ!"ன்னு அக்கா கையெடுத்துக் கும்பிட்டாங்க.

அப்ப மைக்ல ஒரு குரல். "ரங்கசாமி அவர்கள் எங்கிருந்தாலும் உடனே அலைக்குளத்துக்கு வரவும். ரங்கசாமி அவர்கள்!"

சொன்னா நம்பமாட்டீங்க. நான் சட்டுன்னு திரும்பி அவரைத் தேடினேன். நிஜமாவே தேடினேன். இங்கதானே இருந்தார், எங்க போனார் இந்த மனுஷன்னு ஒரு கோபம் கூட வந்துச்சு.

அப்புறம்தான் உறைச்சுது. கீழ ஒரு லைஃப்கார்டு கையில புது வேட்டி!

"அக்கா! படையல்!"

ரெண்டு பேரும் படியில இறங்கி ஓடறோம். ஏறி வர்ற கூட்டத்தை இடிச்சுத் தள்ளிக்கிட்டு, நான் ஊதாவுல முன்னாடி, வாத்து பின்னாடி.

கீழ போறதுக்குள்ள மூணு பேர் வந்து நின்னுட்டாங்க. மூணு பேரும் ரங்கசாமி! திருச்சி ஜில்லாவுல மைக் வச்சு ரங்கசாமின்னு கூப்பிட்டா வேற என்ன நடக்கும்? ஒருத்தர் ஈரத்தோட வேட்டியைப் பிரிச்சுப் பார்த்துட்டு, "என்னுது இல்லைங்க. ஆனா நல்ல வேட்டி"ங்கிறார்.

எனக்கோ மூச்சு வாங்குது, பேச்சு வரலை. "அது... எங்க... வீட்டுக்காரரோடது"ன்னு மட்டும் சொன்னேன்.

லைஃப்கார்டு ஓடி வந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டார். "பயப்படாதீங்கம்மா, கண்டுபிடிச்சுடலாம். அவருக்கு நீச்சல் தெரியுமா?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்காவுக்கு ரோஷம் வந்துடுச்சு. "தெரியுமாவா? என் தம்பி காவேரியில வெள்ளம் வந்தப்பவே அக்கரைக்குப் போயிட்டு வந்தவன்!"

"அப்ப ஆழத்துக்குத்தான் போயிருப்பார்! டேய், அந்தப் பக்கம் முங்குங்கடா!"

மறுபடியும் நாலு பேர் தொப்புன்னு குதிச்சாங்க.

"அம்மா, கடைசியா அவரை எங்க பார்த்தீங்க?"

"வீட்ல" - இப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

"வீட்லயா? எப்ப?"

"போன வருஷம்."

லைஃப்கார்டு என்னைப் பார்க்கிறார், செருப்பைப் பார்க்கிறார், மறுபடி என்னைப் பார்க்கிறார். பாவம், ரொம்ப நேரமா ஆள் இல்லாம கிடந்த துணியைப் பார்த்து பயந்து, சட்டைப் பையில டிக்கெட்டைப் பார்த்து, அவர்தான் எல்லாரையும் கூப்பிட்டிருக்கார்.

"தம்பி, தண்ணியில இருக்கிறவங்களை வெளிய வரச் சொல்லுங்க. அவர் போய் ஒரு வருஷம் ஆச்சு. இன்னைக்குப் பிறந்தநாள். இது அவருக்கு வச்ச படையல்."

முங்கினவங்க ஒவ்வொருத்தரா வெளிய வந்தாங்க.

லைஃப்கார்டு அப்படியே ஈரத் தரையில உக்காந்துட்டார். "அம்மா, முங்கி முங்கி எனக்குக் கண்ணே எரியுதும்மா"ன்னார். அழறாரா சிரிக்கிறாரான்னு தெரியலை.

எனக்குத் தெரிஞ்சுது, நான் ரெண்டும்தான். ஒரு வருஷமா அந்த மனுஷனை நான் ஒருத்தியாத்தான் தேடிக்கிட்டு இருந்தேன். கூடத்துல தேடுவேன், மொட்டை மாடியில தேடுவேன். நேத்து ஒரு பார்க்கே அவரைத் தேடுச்சு. வெட்கமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சுங்க.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். முகம் செவசெவன்னு இருக்கு.

"என்னம்மா விளையாடறீங்களா? நூத்துக்கணக்கான பேரைப் பதற வச்சுட்டீங்க! சாமானை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க!"

நான் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, சறுக்கையே நிமிர்ந்து பார்த்தேன். அவர் சொன்னதுல தப்பே இல்லை. ஆனா நான் இன்னும் ஏறலையே! இன்னைக்கு விட்டா மறுபடியும் அடுத்த வருஷம்னு ஆயிடுமே!

அக்கா முன்னாடி வந்தாங்க. டி-ஷர்ட்டை இழுத்து விட்டுக்கிட்டாங்க.

"சார், தப்பு எங்க மேலதான். மன்னிச்சுக்கோங்க. ஆனா என் தம்பிக்குப் பிறந்தநாள். நீங்களே மைக் வச்சு மரியாதையா வாங்கன்னு கூப்பிட்டீங்க. கூப்பிட்ட வாயால வெளிய போன்னு சொன்னா நல்லாவா இருக்கு?"

மேனேஜர் முழிச்சார். பாவம், வாத்துப் படத்தைப் பார்த்துக்கிட்டே சண்டை போடறது சுலபம் இல்லை.

"ஏறிட்டுப் போகட்டும் விடுங்க சார்!" - இது முதல் ரங்கசாமி.

"எங்க பேர் கொண்டவர் சார்!" - இது ரெண்டாவது ரங்கசாமி.

மூணாவது ரங்கசாமி பேசலை. முறுக்குப் பாக்கெட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார்.

படைச்சதைப் பங்கு போட்டுக் குடுக்கணும்ல? அக்கா பாக்கெட்டைப் பிரிச்சு லைஃப்கார்டுங்களுக்குக் குடுத்தாங்க, ரங்கசாமிங்களுக்குக் குடுத்தாங்க, மேனேஜர் கையில ரெண்டு வச்சாங்க. அவர் ஒண்ணைக் கடிச்சு, மென்னு, பாதியில நிறுத்தினார்.

"வெளிச் சாப்பாடு உள்ள எப்படிம்மா வந்துச்சு?"

"சாப்பிடுங்க சார், நமுத்துடும்"னுட்டாங்க அக்கா.

ஒரு வழியா மறுபடியும் உச்சிக்குப் போனோம். டியூப்ல நான் முன்னாடி. பின்னாடி யார்? ரெண்டு பேர் இருந்தாத்தானே விடுவாங்க! அக்கா வாசுதேவா, நாராயணான்னு எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டு ஏறி உக்காந்தாங்க. கீழ பார்த்தா மொத்த பார்க்கும் எங்களையே பார்த்துக்கிட்டு நிக்குது. லைஃப்கார்டு கை காட்டறார்.

தள்ளி விட்டாங்க.

கத்தினேனான்னுதானே கேக்குறீங்க? முதல் வளைவு வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தேன், சத்தியமா. ரெண்டாவது வளைவுல அக்கா "டேய் தம்பி! டேய் தம்பி!"ன்னு அலறினாங்க பாருங்க, அதோட எனக்கும் விட்டுப் போச்சு. நான் கத்தின கத்துல தொண்டை இன்னைக்கும் கரகரன்னு இருக்கு. தொப்புன்னு தண்ணியில விழுந்தோம். மூக்கு, வாய், காது எல்லாம் தண்ணி. கீழ எல்லாரும் கை தட்டறாங்க.

"சரிங்க, நீங்கதான் ஜெயிச்சீங்க"ன்னு தண்ணிக்குள்ளயே சொல்லிட்டேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் வயிறு வலிக்கச் சிரிச்சேன். பக்கத்துல அக்காவும் கண்ணைத் துடைச்சுக்கிட்டே சிரிக்கிறாங்க.

திரும்பி வரும்போது பஸ்ல அக்கா ஜன்னல் ஓரமா உக்காந்து ரொம்ப நேரம் யோசிச்சுக்கிட்டே வந்தாங்க. திருச்சி நெருங்கினதும் என் பக்கம் குனிஞ்சு, "செல்வி, வர்ற மாசம் எங்க அப்பாவுக்குத் திதி வருது. அவருக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சுடலாமா?"ன்னாங்க.

என் மாமனார் உயிரோட இருந்தவரைக்கும் காவேரியிலயே முழங்காலுக்கு மேல இறங்கினதில்லை.

"கண்டிப்பா செஞ்சுடணும்க்கா"ன்னு சொல்லிட்டேன்.