ராகுகாலத்தில் ஒரு கை நனைப்பு

ஒரு மனிதனின் யோக்கியதையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவனை மாலை ஐந்து மணிக்குப் பட்டினி போட்டுப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் என்னை மூன்று மாதம் அப்படிப் போட்டுப் பார்த்தார்கள். நான் தேறவில்லை. தேறாததோடு போகாமல், முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் அந்தப் பசியில் முடிவு செய்துவிட்டு வந்தேன். இதை இத்தனை காலமும் சிரிப்புக் கதையாகவே சொல்லித் தப்பித்து வந்திருக்கிறேன். ஒரு தடவையாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர். எடை நூற்று ஆறு கிலோ. தொப்புளுக்கு மேலே குடலிறக்கம். ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் என் வயிற்றை மாவு பிசைவதுபோல் அமுக்கிப் பார்த்தார்.

“கொழுப்பைத் தாண்டி உள்ள போறதுக்கே எனக்குப் பாதி நாள் ஆயிரும் சார். பன்னெண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. பெறவு கத்தியை எடுக்கேன்.”

கையோடு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். காலையில் இரண்டு இட்லி. மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, நிறையக் காய். ராத்திரி கோதுமைக் கஞ்சி. மாலைக்கு ஒரு தம்ளர் மோர், ஒரு வெள்ளரிக்காய்.

காலையையும் மத்தியானத்தையும் சமாளித்தேன். நாலரை மணி ஆனதும்தான் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். பசியில் இரைப்பை எப்படிச் சுருங்கி விரிகிறது என்பதைக் கலர்ச் சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்து இருபது வருஷம் பாடம் நடத்தியவன் நான். அந்தப் படம் எனக்கு ஒரு உதவியும் செய்யவில்லை. வயிற்றில் ஈரத்துணி போட்டுக்கொள்வது என்பது வெறும் பேச்சு வழக்கு என்றுதான் நினைத்திருந்தேன். நிஜமாகவே நனைத்துப் போட்டுப் படுத்துப் பார்த்தேன். பசி போகவில்லை, சளி பிடித்தது. நடந்தால் மறக்கும் என்றார் ஒரு சக ஆசிரியர். நடந்தேன். பாளையங்கோட்டையில் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு வடைச் சட்டி அடுப்பில் ஏறும் என்பதை அப்படித்தான் கற்றேன். மாலையில் உட்கார்ந்து திருத்திய விடைத்தாள்களில் ஒருவர்கூடப் பாஸாகவில்லை. (மறுநாள் இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பத் திருத்தினேன். பாதிப் பேர் தேறினார்கள்.)

எட்டுக் கிலோ குறைந்திருந்த சமயத்தில் என் தம்பி மகன் சங்கரனுக்கு ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பெண் பார்க்கப் போனோம். தம்பி காலமாகி நாலு வருஷம். பெரியப்பாவாகிய நான்தான் தகப்பன் ஸ்தானம். எங்கள் சைவ வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில் காபி குடிக்கலாம். இலையில் உட்கார்ந்து கை நனைக்கக் கூடாது. பெரியவர் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். பிறகு பேச்சை மாற்ற முடியாது.

காரில் போகும்போதே தம்பி மனைவி சிவகாமி சொல்லிவிட்டாள். “அத்தான், அங்கன போயி இலையில மட்டும் உக்காந்திராதிய. அடுத்த ஞாயித்துக்கிழமை தென்காசியில இன்னொரு இடம் பாக்கணும். ஒரு வாய் காபி, ஒரு கும்பிடு, வந்துருவோம்.”

“என்னைப் பாத்தா சோத்துக்கு அலையுதவன் மாதிரியா இருக்கு?” என்றேன்.

சிவகாமி என் மனைவியைப் பார்த்தாள். மனைவி ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு மணி வரை ராகுகாலம். ராகுகாலத்தில் படியேறக் கூடாது என்று நாலேகாலுக்கே போய் இறங்கிவிட்டோம். ராகுகாலத்தில் பெண்ணை வெளியே அழைக்கக் கூடாது என்று அவர்கள் ஆறு மணிக்காகக் காத்திருந்தார்கள். காபி வந்தது. பலகாரம் பெண் வந்த பிறகுதான். என் வெள்ளரிக்காய் காரில் இருந்தது. கார் நிழல் தேடி எங்கோ போயிருந்தது. பெண்ணின் தகப்பனார் வாழைத்தார் மண்டி வைத்திருந்தவர். அந்த வருஷத்து மழை, வாழை விலை, அணைக்கட்டில் தண்ணீர் என்று பேசிக்கொண்டே இருந்தார். ஐந்து மணிக்கு மேல் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

முகம் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தேன். புறவாசலுக்கு அடுப்படியைத் தாண்டித்தான் போக வேண்டும். அங்கே பெண்ணின் அம்மா ஒரு பெரிய பாத்திரத்தில் தேங்காய்ப்பாலை ஊற்றிக்கொண்டிருந்தார். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், இஞ்சிச்சாறு, அதன்மேல் முதல் பால். சொதி. எங்கள் ஊரில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற சொதி.

“அண்ணாச்சி, என்ன வேணும்?” என்றார் அந்த அம்மாள், திடுக்கிட்டு.

தண்ணீர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “சொதியா?” என்று வந்தது.

“ஆமா அண்ணாச்சி. எங்க கொழுந்தனார் வீட்டுலருந்து வந்திருக்காவ. ராத்திரிக்கு இடியாப்பமும் சொதியும்...” என்று இழுத்தார். நான் நகரவில்லை. அவர் என்னையும் பாத்திரத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பைய, ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைப்பதுபோல் கேட்டார்: “இலை... போடட்டுமா?”

அந்தக் கேள்வியில் அவர் மகளின் ஆயுசு தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ‘இலை’ மட்டும்தான் கேட்டது.

“போடுங்க” என்றேன்.

ஐந்தாவது இடியாப்பத்தின்மேல் சொதி விழும்போது அடுப்படி வாசலில் நிழல் தட்டியது. பெண்ணின் தகப்பனார். என் கையைப் பார்த்தார். இலையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

“அண்ணாச்சி... இதுக்கு முன்ன நாலு இடத்துக்காரங்க வந்தாவ. காபியைக் குடிச்சிட்டு, கடுதாசி போடுதோம்னு போனாவ. நீங்க எம் புள்ள மொகத்தைப் பாக்கதுக்கு முந்தியே கை நனைச்சிட்டியளே!”

உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். ‘ஐயா, பசி, டாக்டர் பட்டினி போட்டிருக்கிறார், மன்னித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லியிருக்கலாம். அவமானம் என்னோடு போயிருக்கும். நானோ கல்லூரி ஆசிரியர். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, கனமான குரலில் சொன்னேன்:

“நல்ல குடும்பத்துல பொண்ணைப் பாக்கணும்னு இல்ல. அடுப்படியைப் பாத்தாப் போதும்.”

என் வாழ்நாளில் நான் சொன்னவற்றிலேயே அழகான வாக்கியம் அது. அதில் ஒரு சொல்கூட உண்மையில்லை.

தகப்பனார் கூடத்துக்கு ஓடிப் போய்ச் சொல்லிவிட்டார். இலையை முடித்து, கை கழுவிவிட்டு நானும் போனேன். சிவகாமி என் மீசையையே பார்த்தாள். அதில் தேங்காய்ப்பால் இருந்தது.

“அத்தான்” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, “அதுவும் ராகுகாலத்துல!”

என் மனைவி காதருகே வந்து ஒன்றே ஒன்று கேட்டாள். “எத்தனை?”

“அஞ்சு.”

“பொய்.”

“ஏழு.”

ஆறு மணிக்குப் பெண் வந்தாள். பெயர் வடிவு. எல்லாம் முடிந்துபோன கூடத்துக்கு, ஒன்றும் முடியாததுபோல் காபித் தட்டோடு வந்தாள். முதலில் என்னைத்தான் கும்பிட்டாள். சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை. சங்கரனைக் காரில் வைத்துக் கேட்டோம். “பெரியப்பாதான் சாப்பிட்டுட்டாவல்லா” என்றான். சிவகாமி அதன் பிறகு மூன்று மாதம் என்னிடம் பேச வேண்டியதை என் மனைவியிடம் சொல்லி அனுப்பினாள். எடை பார்த்த டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார். அது தள்ளித் தள்ளிப் போய்க் கல்யாணத்துக்கு முந்தின வாரம் வந்து நின்றது. மறுவீட்டு விருந்தில் இருநூறு பேர் சொதி சாப்பிட, வயிற்றில் தையலோடு ஓரமாக உட்கார்ந்து நான் கஞ்சி குடித்தேன். தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். என் விஷயத்தில் அது நிற்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். அதையே சாக்காக வைத்து நானும் சும்மா இருந்தேன். பத்து வருஷம் கழித்து ஒருநாள் வடிவு தனியாக வீட்டுக்கு வந்திருந்தபோது சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு ஒன்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கணும், வடிவு. பசியில பண்ணிட்டேன்.”

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். “கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன் மாமா. எனக்குப் பி.எட்.ல இடம் கிடைச்சிருந்துது. எங்கப்பா அழுததைப் பாத்தேன். ஒண்ணும் சொல்ல முடியல. இப்ப வருத்தமான்னு மட்டும் கேக்காதிய. அது வேற கதை.”

நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

போன வருஷம் அவள் மகனுக்குப் பெண் பார்க்க அம்பாசமுத்திரம் போனோம். எங்கள் குடும்பத்தில் இப்போது அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது: தாத்தாவுக்குச் சோறு போட்டு, அவர் ஏப்பம் விட்ட பிறகுதான் வண்டி கிளம்பும். விட்டேன். கிளம்பினோம். அங்கே வடிவு அந்தப் பெண்ணை எனக்கு எதிரே உட்கார வைத்துக் கேட்டாள்: “ஒனக்குப் பிடிச்சிருக்காம்மா?”

பெண் தலையாட்டினாள்.

“ஒங்கப்பாவுக்காகச் சொல்லாத. ஒனக்கு?”

பெண் மறுபடியும் தலையாட்டினாள். வடிவு விடவில்லை. மூன்றாம் தடவை கேட்டபோது அந்தப் பெண் நிமிர்ந்து, “ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்லட்டா அத்தை?” என்றாள்.

“தாராளமா யோசிம்மா” என்றாள் வடிவு.

சொன்னது அந்தப் பெண்ணிடம். பார்த்தது என்னை.