இரண்டே கதவு

இந்த ஜென்மத்தில் இரண்டு கதவுக் கூப்பே கார் ஒன்று வாங்கியே தீர்வது என்று குரமோச்சி முடிவெடுத்தார். குளியல் தொட்டிக்குள் எடுத்த முடிவு. ஈரம் காய்வதற்குள் மனைவி சவாக்கோவின் ஞாபகம் வந்துவிட்டது.

நகோயாவில் காரை நிறுத்த இடம் காட்டாதவருக்குக் கார் கிடையாது. போலீஸ் வந்து பார்த்த பிறகுதான் எல்லாம். தெருவில் இருந்த ஒரே இடம் சோயா சாஸ் கடை ஒகுமுரா அம்மாளுடையது. அவளுடைய சீமைப்பனிச்சை மரத்தை ஒருமுறை காரைப் பின்பக்கமாக எடுத்து வந்து சாய்த்தவர் குரமோச்சி. அன்றிலிருந்து அவள் வாடகைக்கு விட்ட இடம் சவாக்கோவின் பேரில். அதில் சவாக்கோவின் டப்பா போன்ற குட்டிக் கார் நின்றது. டப்பா போனால்தான் கூப்பே வரும். டப்பா போக வேண்டுமென்றால் சவாக்கோ மனசு வைக்க வேண்டும்.

குரமோச்சி யோசித்தார். கார் விற்பனையாளன் ஹிபினோவுக்குப் போன் செய்தார்.

"அந்தக் கூப்பே யாருக்காகச் செஞ்சது தம்பி?"

"பிள்ளைங்க வீட்டை விட்டுப் போன ஐம்பது வயசு ஆம்பளைங்களுக்கு சார்."

"சனிக்கிழமை மட்டும் பொம்பளைங்களுக்குன்னு சொல்லு."

சனிக்கிழமை காட்சிக் கூடத்தில் கார் சிவப்பாக நின்றது. முன்னாலிருந்து பார்த்தால் கோபித்துக்கொண்ட மீன். பக்கத்திலிருந்து பார்த்தால் அதே மீன் சமாதானமாகி நீந்துவது போலிருந்தது. கூரை எங்கே முடிகிறது, பின்பக்கம் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கக் குரமோச்சி மூன்று சுற்று வந்தார். தெரியவில்லை.

"முழுக்க முழுக்கப் பெண்களுக்காகவே வடிச்சது மேடம்," என்றான் ஹிபினோ. "அந்த இடுப்பு வளைவைப் பாருங்க."

"ஏங்க, இவர் சொல்றது நிஜமா?"

"நிஜம்தான். ஆம்பளை ஓட்டினா பார்க்கச் சகிக்காது," என்றார் குரமோச்சி. கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று தோன்றியது.

சவாக்கோ குனிந்து விளக்குகளைப் பார்த்தாள். கதவைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்து, சத்தத்தைக் கேட்டாள்.

"பின்னாடி யார் உட்காருவாங்க?"

"கைப்பை வைக்கத்தான் மேடம்."

"ஓட்டிப் பார்க்கலாமா?"

முன்னால் ஹிபினோ உட்கார வேண்டியிருந்ததால் குரமோச்சி கைப்பையோடு பின்னால் நுழைந்தார். முழங்கால் காதைத் தொட்டது. ஜன்னல் ஒரு முள்ளங்கித் துண்டு அளவு. ஆனால் கண்ணாடியில் சவாக்கோவின் முகம் தெரிந்தது. பாலத்தின் மேல் ஏறும்போது அவள் சிரித்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு. எதற்கு இப்போது என்று அவருக்குப் புரியவில்லை.

திரும்பி வந்து நிறுத்தியதும் அவள் சொன்னாள்: "டப்பாவைக் கொடுத்துடலாங்க."

குரமோச்சியின் நெஞ்சு விம்மியது. இடமில்லாததால் பாதிதான் விம்மியது.

"யார் பேர்ல எழுதட்டும்?" என்றான் ஹிபினோ.

"இடம் யார் பேர்ல இருக்கோ அவங்க பேர்லதான்."

"சவாக்கோ! ஞாயித்துக்கிழமையாவது நான்…"

"நீங்களா? பார்க்கச் சகிக்காதுன்னு இப்பத்தானே சொன்னீங்க. அதோட, ஒகுமுரா அம்மா புதுசா மரம் வெச்சிருக்காங்க."

"தம்பி, நீயாவது சொல்லேன்!"

"நீங்க சொல்லச் சொன்னதை ஏற்கெனவே சொல்லிட்டேனே சார்."

சவாக்கோ இறங்கினாள். ஹிபினோவும் இறங்கினான். நிறத்தை முடிவு செய்ய இருவரும் உள்ளே போனார்கள். கோபத்தோடு எழுந்து பின்னாலேயே போவதென்று குரமோச்சி தீர்மானித்து, கதவைத் தேடினார். இரண்டும் முன்னால் இருந்தன.