செல்வராசு மாமாவின் வாயை மூடிய கதை

சட்டம் தெரிந்தவனால் வரும் தொல்லைக்கு ஓர் எல்லை உண்டு. ஃபீஸைக் கொடுத்துவிட்டால் போய்விடுவான். சட்டமே தெரியாதவனாலும் பெரிய ஆபத்து இல்லை. சட்டத்தைக் கம்ப்யூட்டரில் படித்துவிட்டுச் சொந்தக்காரர்களுக்கு இலவசமாகச் சொல்ல வருகிறானே, அவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இதை நான் அடித்துச் சொல்லக் காரணம், கொஞ்ச காலம் அவன் நானாக இருந்தேன்.

அப்போது நாங்கள் பெரம்பலூரில் இருந்தோம். டிகிரியை முடித்துவிட்டு, லா காலேஜில் இடம் கிடைக்காமல், அடுத்த வருஷம் கட்டாயம் கிடைக்கும் என்று வீட்டிலும், கிடைக்காது என்று மனசுக்குள்ளும் சொல்லிக்கொண்டு திரிந்த காலம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்புகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை (எதற்குத் திரை என்று கேட்காதீர்கள்). மற்றவர்கள் திரையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் திறந்து வைத்துக்கொண்டு குற்றவியல் நீதி படிப்பேன், யாராவது பார்க்கட்டும் என்றுதான்.

ஏதோ ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் காசு வாங்காமல் பாடம் போட்டிருந்தது. கைது என்றால் என்ன, ஜூரி என்றால் என்ன, சிறைகளை எப்படிச் சீர்திருத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம். ஒரு பக்கம் திரையில் முழுசாக இறங்கி முடிப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். அப்படி டீ குடித்துக் குடித்தே நான் ஒரு சட்ட நிபுணன் ஆனேன். படித்ததை உடனே வீட்டில் இறக்குவேன். குளிர் தேசம் ஒன்றில் கைதிக்குத் தனி அறையும் டிவியும் கொடுக்கிறார்கள் என்று சொன்னபோது, அம்மா முறத்திலிருந்து தலையைத் தூக்காமல், "அப்ப நீ அங்க போயி ஏதாச்சும் பண்ணு" என்றாள்.

அக்காவை ஆண்டிமடம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மகள் தேன்மொழிக்கு சிறுவாச்சூர் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்துவதாக ஏற்பாடு. தாய்மாமன் நான். என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். கம்மல், பட்டுப்பாவாடை எல்லாம் தயார். கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறப்பார்கள் என்பதால் வெள்ளிக்கிழமை என்று முடிவு. வியாழக்கிழமை காலையிலேயே அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பையில் வேட்டி சட்டையோடு, பிரவுசிங் சென்டரில் எடுத்த பிரிண்ட் அவுட் ஒரு கட்டும் இருந்தது. (காதுகுத்துக்கு எதற்குப் பிரிண்ட் அவுட்? நான்கு சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில் அறிவைக் காட்ட வேண்டாமா?)

போனால் அக்கா அழுதுகொண்டிருந்தாள். "மாமாவ ஸ்டேஷன்ல கூப்ட்டு வெச்சிருக்காங்கடா."

விஷயம் இதுதான். பக்கத்துக் கொல்லை கொளஞ்சியின் ஆடு, மாமாவின் முந்திரிக் கன்றுகளைக் கடித்துவிட்டது. மாமா ஆட்டைப் பிடித்துக் கட்ட, கொளஞ்சி அவிழ்க்க வர, இழுபறியில் கொளஞ்சியின் சட்டை கிழிந்துவிட்டது. கொளஞ்சி கோபத்தில் போய் மனு கொடுத்துவிட்டார். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. மறுநாள் சொந்தக்காரர்களை சிறுவாச்சூருக்கு ஏற்றிப் போக வேண்டியது அந்தக் கொளஞ்சியின் வேன்தான்.

"நீ சும்மா இரு, மெம்பர் போயிருக்காரு, பேசிக் கூட்டியாந்துடுவாரு" என்று அக்கா சொன்னாள். சும்மா இருந்திருக்கலாம். நான் பிரிண்ட் அவுட்டை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்ற மாமாவின் வண்டியை உதைத்தேன்.

ஸ்டேஷன் வாசலில், புங்க மரத்தடி பெஞ்சில் மாமா உட்கார்ந்திருந்தார். செல்வராசு மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவரால் பேசாமல் இருக்க முடியாது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரின் பூர்வீகம் வரை விசாரித்துவிட்டுத்தான் இறங்குவார். அன்றும் ஒரு பக்கம் வார்டு மெம்பர், மறுபக்கம் கிழிந்த சட்டையோடு கொளஞ்சி, நடுவில் உட்கார்ந்து மாமா வெள்ளாட்டுக்கு வரும் கழிச்சலுக்கு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள. ஒண்ணுமில்ல. ஐயா வந்ததும் ஒரு வார்த்த சொல்லிட்டுக் கெளம்ப வேண்டியதுதான்."

"என்ன வார்த்தை மாமா?"

"தெரியாம கிழிச்சிட்டேன், மன்னிச்சிக்குங்கன்னு. வேறென்ன?"

எங்கள் பக்கத்தில் இது ஊரறிந்த முறை. சின்னத் தகராறு என்றால் இரண்டு பேரையும் கூப்பிட்டு இரண்டு பேரையும் திட்டுவார்கள். ஒருத்தர் தலையைச் சொறிந்துகொண்டு வருத்தம் தெரிவிப்பார். இனிமேல் சண்டை போட மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலத்துக்குள் ஒரே வண்டியில் திரும்பிவிடுவார்கள். இந்த முறை என் வெளிநாட்டுப் பாடத்தில் இல்லை. அதனால் எனக்கு ரத்தம் கொதித்தது. மாமாவைத் தனியாக அழைத்துப் போனேன்.

"மாமா, கிழிச்சிட்டேன்னு சொன்னா அது குற்ற ஒப்புதல். உங்களுக்கு எதிரா அதையே பயன்படுத்துவாங்க. நீங்க வாயே திறக்கக் கூடாது. அது உங்க உரிமை."

"ஐயா கேப்பாரே மாப்ள?"

"கேக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

கல்யாணமானதிலிருந்து மாமா என் பேச்சை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அன்றைக்கென்று கேட்டார்.

எஸ்.ஐ. வந்தார். ராத்திரியெல்லாம் ஏதோ திருவிழாப் பந்தோபஸ்து போல, கண் சிவந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து, "ஏன்யா செல்வராசு, சட்டையக் கிழிச்சியா?" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடித் திறந்தேன். மாமா சுவரைப் பார்த்தார்.

"யோவ், ஒன்னத்தான். தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. எனக்கு வேற வேல இருக்கு."

மெம்பர் மாமாவின் தொடையைக் கிள்ளினார். கொளஞ்சியே பொறுக்க முடியாமல், "சொல்லுய்யா, நாளைக்கு வெள்ளென வண்டிய எடுக்கணும்" என்றார். மாமாவுக்குக் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

நான் முன்னால் போனேன். "சார், அவருக்கு மௌனமா இருக்க உரிமை இருக்கு."

எஸ்.ஐ. மெதுவாகத் திரும்பினார். "தம்பி வக்கீலுங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"லா காலேஜா?"

"இன்னும் இல்ல சார்."

"பின்ன?"

"பிரவுசிங் சென்டர்ல படிக்கிறேன் சார்."

பிரிண்ட் அவுட்டை நீட்டினேன். அந்த மனிதர் அதை வாங்கி, கோபப்படாமல், இரண்டு பக்கம் புரட்டிப் படித்தார். "இது எந்த ஊருல தம்பி?" "அமெரிக்கா சார்." "அங்க ஒரு ஸ்டேஷனுக்கு மாத்தல் வாங்கிக் குடுங்க, நாளைக்கே கெளம்பறேன்" என்றார். பிறகு கைதியின் தனி அறைப் படத்தைப் பார்த்துவிட்டு, "எங்க குவார்ட்டர்ஸ் ஒழுகுது" என்றார். அது வரைக்கும்கூடத் தப்பித்திருக்கலாம். "நாங்க எதையும் சட்டப்படி சந்திக்கத் தயார் சார்" என்று நான் சொல்லியிருக்க வேண்டாம்.

"சட்டப்படியா? சரி." எஸ்.ஐ. அலுப்போடு ஏட்டைக் கூப்பிட்டார். "எஃப்.ஐ.ஆர். போடுங்க."

கை வைத்தது, சட்டையைக் கிழித்தது, கெட்ட வார்த்தையில் திட்டியது என்று வழக்கு பதிவானது. இப்போது ஸ்டேஷன் ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும். அவர்கள் சொத்துக்கு வி.ஏ.ஓ. சான்று வேண்டும். வி.ஏ.ஓ. பெரம்பலூரில் மீட்டிங்குக்குப் போயிருந்தார். (என் பெயரில் அன்றைக்கு ஒரு சைக்கிள்கூட இல்லை. நிபுணனை ஜாமீனுக்குச் சேர்க்க மாட்டார்களாம்.) மறுநாள் மத்தியானம்தான் மாமா வெளியே வந்தார். வேன் அசையவில்லை. ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்கிறானே என்று கொளஞ்சிக்கு அவ்வளவு வருத்தம். வரதராஜன்பேட்டையிலிருந்து வந்திருந்த மாமாவின் சொந்தங்கள், கட்டி வைத்த புளிச்சோற்றை அக்கா வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்து தின்றுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காது குத்தினார்கள். கோயிலில் நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு சம்மணம் போட்டு உட்காரப் போனபோது அக்கா சொன்னாள்: "நீ எந்திரி." லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கும் பெரியம்மா மகன் உட்கார்ந்தான். ஜூரி என்றால் என்னவென்றே தெரியாதவன். அவன் மடியில் தேன்மொழி வீறிட்டு அழுதாள். நான் கொண்டுவந்த கம்மலை வாங்கிக்கொண்டார்கள், மடியை வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊரில் உள்ளவனுக்கெல்லாம் உரிமையை எடுத்துச் சொன்ன எனக்கு, உலகத்தில் இருந்த ஒரே உரிமை அதுதான். தூணுக்குப் பின்னால் போய் அழுதேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பிறகு ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் முழுக்கதையையும் கேட்டுவிட்டு, "நீங்க சொன்ன உரிமை நம்ம நாட்டுலயும் இருக்கு தம்பி. ஆனா வழக்கே இல்லாத எடத்துல அத வெச்சு என்ன பண்றது? நீங்கதான் வழக்க உண்டாக்கிக் குடுத்திருக்கீங்க" என்றார். வருஷக்கணக்கில் வாய்தா நடந்தது. மாமாவும் கொளஞ்சியும் ஒரே வேனில்தான் கோர்ட்டுக்குப் போய் வந்தார்கள். கடைசியில் இரண்டு பேரும் ராஜியாகப் போய்விட்டார்கள். என்ன சொல்லி என்கிறீர்களா? தெரியாமல் கிழித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றுதான். நான் லா காலேஜுக்குப் போகவில்லை. உரக்கடை வைத்திருக்கிறேன்.

போன மாதம் தேன்மொழிக்கு நிச்சயம். முதல் நாளே அக்கா போன் செய்து, "தாய்மாமன் நீதான் தட்டு எடுத்து வெக்கணும். ஆனா வாயத் தொறக்காத" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பட்டு வேட்டியோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வீட்டார் எது கேட்டாலும் சிரித்தேன், தலையாட்டினேன், கும்பிட்டேன். பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா மாமா பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஒங்க மச்சினருக்குப் பேச்சு வராதுங்களா?"

மாமா இலையில் ரசத்தை வாங்கிக்கொண்டே சொன்னார்: "நல்லா வருங்க. ஒரே ஒரு தடவ பேசுனாரு. நான் வருசக்கணக்கா கோர்ட்டுக்கு நடந்தேன்."