துரைக்கு நான் தேர்ந்தெடுத்த மணல்

என் மச்சான் மரியநாதன் ஒரு பொய்யன். அவன் வீட்டு வாசலில் நின்றுகூட இதைச் சொல்லுவேன். கல்யாணம், காதுகுத்து எதுவானாலும், பந்தியில் உட்கார்ந்து "ஆரோக்கியம் துரையை எண்ணூருக்குக் கூட்டிப்போன கதை"யைச் சொல்லி ஊரைச் சிரிக்க வைக்கிறான். அந்த ஆரோக்கியம் நான்தான். அதில் பாதியை விழுங்கிவிடுகிறான். விழுங்கிய பாதியை நான் எழுதுகிறேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். திருவொற்றியூரில் ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் நான் தற்காலிகக் குமாஸ்தா. மரியநாதன் அங்கே மோல்டர். மணலை அச்சுப் பெட்டியில் அடைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பை அதில் ஊற்றும் வேலை. எங்கள் பட்டறையில் மணல்தான் சாமி. மணல் நல்லதாயிருந்தால் வார்ப்பு நல்லதாயிருக்கும். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. எனக்குச் சுத்தமாகத் தெரியாது.

ஆனால் வேலைக்கு எடுத்த அன்று, பட்டறையை நடத்திய வெள்ளைக்கார துரை, "விளையாட்டில் பழக்கம் உண்டா?" என்று கேட்டபோது, "கோல்ப் தெரியும் சார்" என்று சொல்லிவிட்டேன். (இன்னா தைரியம் பாரு!) துரையின் அறையில் கோல்ப் மட்டை சாத்தியிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னது. கிரிக்கெட் மட்டை சாத்தியிருந்தால் கிரிக்கெட் என்றிருப்பேன்.

அந்தப் பொய் ஒன்றரை வருஷம் கழித்துக் கழுத்தைப் பிடித்தது. துரை சீமைக்குத் திரும்பப் போகிறார், கப்பலுக்குப் பத்தே நாள். புதுத் துரை வந்து இறங்கிவிட்டார். பழையவர் என்னைக் கூப்பிட்டார்.

"போவதற்கு முன் ஒரே ஒரு முறை, கனவில் வருகிற மாதிரி ஓர் இடத்தில் கோல்ப் ஆட வேண்டும். ஊட்டி, பெங்களூர் எல்லாம் ஆடியாயிற்று. உனக்குத்தான் கோல்ப் தெரியுமே. ஓர் இடம் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடு."

அவர் மேஜையில் என் வேலையை நிரந்தரமாக்கும் உத்தரவு கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்தக் கையெழுத்தில் என் தங்கை லூர்துவின் கல்யாணமும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாத வீடு. "அண்ணன் வேலை பர்மனென்ட் ஆகட்டும், அப்புறம் பேசலாம்" என்று மீஞ்சூர் மாப்பிள்ளை வீட்டார் சொல்லியிருந்தார்கள்.

நேராக மரியநாதனிடம் ஓடினேன்.

"இன்னா மாமு, மூஞ்சி பேஜாரா கீது?" என்றான். சொன்னேன். கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டுச் சிரித்தான்.

"இதுக்காடா அயுவுற? துரைக்கு மண்ணுன்னா உசுரு. டெய்லி சாய்ங்காலம் நம்ம மண்ணு குமிமேல ஏறி நின்னு பந்து அடிச்சிகினு கீறாரே, பாக்கல? புல்லு மேல ஒரு தபா அடிச்சு பாத்துக்கிறியா நீ?"

உண்மைதான். பட்டறைக்குப் பின்னால் கொட்டியிருந்த மணலில் துரை தினமும் ஒரு மணி நேரம் முகம் சிவக்க அடிப்பார். புல்லில் அடித்து நான் பார்த்ததேயில்லை. மணலில்லாமல் கோல்ப் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் மூன்று இடத்து மணலையும் கைக்குட்டையில் முடிந்து வந்தேன். மரியநாதன் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் இறுக்கினான், மோந்தான், ஊதினான். வார்ப்புக்கு மணல் பார்க்கிற அதே முறை. "எண்ணூர்தான். மாவு மாதிரி கீது" என்று தீர்ப்புச் சொன்னான். எனக்கு இன்னொரு சந்தோஷம். பந்து குழியில் விழ வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எண்ணூர்க் கரை முழுக்க நண்டு வளை.

டைப் அடித்துக் கொடுத்தேன்: "மூன்று பக்கம் தண்ணீர். மரத் தொல்லை இல்லை. குழிகள் ஆயிரத்துக்குக் குறையாது." கோல்ப் மைதானத்துக்குப் பதினெட்டுக் குழிதானாம்; அதற்குப் பதில் ஆயிரம் என்று விரல் தவறியிருக்கும் என்று துரை நினைத்துக்கொண்டார் போல. கடலோரம் என்றதும் சொந்த ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கினார். "சனிக்கிழமை போகலாம். புதுத் துரையும் வருவார்."

வெள்ளிக்கிழமை நானும் மரியநாதனும் போய் இடத்தைத் தயார் செய்தோம். அங்கங்கே இராவணன் மீசைப் புல் முளைத்திருந்தது. "புடுங்கு மாமு, வேரோட புடுங்கு" என்று அவனே முன்னால் நின்று பிடுங்கினான்.

சனிக்கிழமை காலை நாங்கள் இரண்டு பேரும் கரையில் காத்திருக்க, கார் வந்து நின்றது. பழைய துரை இறங்கினார், புதுத் துரை இறங்கினார், மட்டைப் பை இறங்கியது. இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். மணலைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.

"மைதானம் எங்கே?"

கையை அகல விரித்துக் காட்டினேன்.

"புல்?"

"இருந்தது சார். நேற்றே பிடுங்கிவிட்டோம்."

பழைய துரையின் கழுத்து நரம்பு ஒன்று மெதுவாக எழுந்தது. அப்போதுதான் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: முப்பது வருஷமாக அவரைத் தோற்கடித்து வருவது மணல். கோல்ப் புல்லில் ஆடுகிற ஆட்டம். நடுவே மணல் பள்ளம் வைத்திருப்பது தண்டனைக்கு. பந்து அதில் விழுந்தால் வெளியே எடுக்கத் தெரியாமல்தான் தினமும் பட்டறையில் பயிற்சி.

புதுத் துரை வேடிக்கைப் பிரியர். "வந்தது வந்தோம்" என்று பந்தை வைத்து ஓங்கி அடித்தார். பந்து பறந்து, காயப் போட்டிருந்த நெத்திலியின் நடுவே விழுந்தது. எடுக்கப் போனவர் பூட்ஸ் காலோடு நெத்திலி மேலேயே நடந்தார்.

ஒரு மீனவப் பெண் கூடையை எறிந்துவிட்டு ஓடி வந்தாள். "யோவ்! துன்ற பண்டத்து மேல செருப்புக் காலோட நடக்கிறியே, கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

"என்ன சொல்கிறாள்?" என்று பழைய துரை என்னைக் கேட்டார்.

"வரவேற்கிறாள் சார்."

அவள் பந்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். "இத்துனூண்டு பந்துக்கு இவ்ளோ பெரிய ஆளா? மெதிச்சதுக்கு மன்னிப்பு கேக்கச் சொல்லு, தர்றேன்." நான் இரண்டு துரைக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவள் ஒப்பவில்லை. "மெதிச்சது நீயா?" என்றாள். கடைசியில் புதுத் துரையே தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தார். பந்து வந்தது. என் நிரந்தர வேலை போயிற்று என்று அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பழைய துரை திரும்பினார். "எனக்கு மணல் பிடிக்கும் என்று உனக்கு யார் சொன்னது?"

நான் மரியநாதனைப் பார்த்தேன். அவன் கடலில் போகிற கப்பலை எண்ணிக்கொண்டிருந்தான். ஒரே ஒரு கப்பல். அதை எவ்வளவு நேரம் எண்ணுவது?

"நானே நினைத்துக்கொண்டேன் சார்" என்றேன்.

உத்தரவில் கையெழுத்து விழவில்லை. இன்னும் இரண்டு வருஷம் தற்காலிகம். மீஞ்சூர் மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஆறாம் மாதம் மரியநாதன் வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்து லூர்துவைப் பெண் கேட்டான். கஷ்டத்தில் கை கொடுக்கிற தோஸ்து என்று நான் அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். (கலீஜ் அழுகை. மூக்கெல்லாம் ஒழுகியது.)

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் எந்த ஊருக்குக் கிளம்பினாலும், "மாமாவைக் கேக்காதீங்க, புல்லைப் புடுங்கிடுவாரு" என்பார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

போன வாரம் வரை. போன வாரம் லூர்து கருவாட்டைச் சுத்தம் செய்தபடி சர்வசாதாரணமாகச் சொன்னாள்: "அவரு பட்டறைக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு வருசம் கிண்டில கோல்ப் பை தூக்கிகினு இருந்தாருண்ணா. பச்சைப் பசேல்னு புல்லாம். செருப்பே தேயாதாம்."

அப்படியென்றால் கோல்ப் புல்லில் ஆடுகிற ஆட்டம் என்று அவனுக்கு அன்றைக்கே தெரியும்.

மரியநாதா, அடுத்த மாதம் ராயபுரத்தில் உன் பேத்தி கல்யாணம். மைக் இருக்கும், ஊரே இருக்கும். நீ வழக்கம்போலக் கதையை ஆரம்பிப்பாய். நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். என் தங்கையைக் கட்டத்தானே என்னை மணலில் இறக்கினாய்? ஆமாவா இல்லையா, மைக்கில் சொல். கப்பலை எண்ணாதே. அந்த மண்டபத்திலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.