பேத்தி கட்டிய காம்ப்ளக்ஸ்

அன்புள்ள தங்கைக்கு அக்கா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே உன் முழங்காலையும் சேர்த்து எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

மூத்தவன் மகன் கணக்கில் நூற்றுக்கு நூறு. அவன் தம்பி நீச்சலில் கோப்பை வாங்கினான், அதில் இப்போது பல் துலக்கும் பிரஷ்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கடைக்குட்டி கொட்டாவி விடாமல் ஒன்பதாம் வாய்பாடு சொல்கிறாள். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி மெட்டல் காம்ப்ளக்ஸ் செய்கிறாள் என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி.

நான் ஐந்தாவது வரை படித்தவள். காம்ப்ளக்ஸ் என்றால் எனக்குத் தெரிந்தது வரிசையாகக் கடைகள் இருக்கும் மாடிக் கட்டடம்தான். இரும்பில் கட்டுகிறாள் போலிருக்கிறது, கரையான் அரிக்காது என்று தெருவெல்லாம் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, பக்கத்து டெய்லரிடம், "கீழ்த்தளத்துல உனக்கு ஒரு கடை, நான் சொன்னா அவ கேப்பா" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். அவன் அதை நம்பி, இருக்கிற கடையை இந்த மாதத்தோடு காலி செய்வதாகச் சொல்லிவிட்டான், அங்கே வேறு ஆளும் வந்தாயிற்று. நேற்று இடத்தைப் பார்க்க இஞ்ச் டேப்போடு கிளம்பினான், நானும் கூடப் போனேன். பேத்தி வேலை செய்யும் அறையில் மேஜையும் கண்ணாடிக் குழாய்களும்தான் இருந்தன. "காம்ப்ளக்ஸ் எங்கடி?" என்றேன். விரல் உயரக் குப்பி ஒன்றை நீட்டினாள். அடியில் ஒரு சிட்டிகை நீலப் பொடி. "இதுதான் பாட்டி. நடுவுல செம்பு உக்காந்திருக்கும், சுத்தி வலி மருந்து கைகோத்து நிக்கும். மூட்டு வீக்கமும் வலியும் குறையுதா, வயிறு புண்ணாகாம இருக்கான்னு பாக்கணும்." "மூணு வருஷமா இதத்தான் கட்டினியா?" "ஆமா பாட்டி. இன்னும் எலிக்குக்கூடக் குடுக்கல. மருந்தா கடைக்கு வர பதினஞ்சு வருஷம் ஆகும்." டெய்லர் குப்பியைப் பார்த்தான், டேப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இதுல என் கடை எந்தப் பக்கம்மா?" என்றான். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகையால் என் போன கடிதத்தை நம்பி நீ உன் சம்பந்தி வீட்டில் சொன்னதையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள். காம்ப்ளக்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. இனி பிள்ளைகள் பெருமையைப் பேச நான் வாய் திறக்க மாட்டேன், இது சத்தியம். குழந்தைகளுக்கு என் ஆசீர்வாதம், மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
உன் அக்கா

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். என் கட்டிலைப் பின்னறைக்குத் தள்ளிவிட்டு, முன்னறையில் டெய்லரை மெஷின் போடச் சொல்லிவிட்டேன். 'மெட்டல் காம்ப்ளக்ஸ், கீழ்த்தளம்' என்று அவனே பலகை எழுதி மாட்டிவிட்டான். மேல்தளம் எங்கே என்று கேட்பவர்களிடம், "அது ஒரு குப்பிக்குள்ள இருக்கு, வர பதினஞ்சு வருஷம் ஆகும்" என்கிறான். ஆகவே சம்பந்தியிடம் எதையும் திரும்ப வாங்காதே. கடை திறப்புக்கு உன் முழங்கால் உன்னை வர விடாது, அதனால் புது போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு, சுவரில் மாட்டுகிறோம். இப்போதைக்கு உட்கார்ந்தபடியே எடு. நின்றபடி எடுப்பதை மேல்தளம் வந்ததும் அனுப்பு.