கோழிகளுக்குத் தகுந்த இல்லம்

நாட்டுக்கோழி முட்டை சாப்பிடாதவர்களை மனிதராகவே மதிக்காத காலம் ஒன்று, கேளம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிய எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கும் வந்து சேர்ந்தது. தரைத்தளத்துப் பிரதீபா ஒரு படி மேலே போய், படாளத்திலிருந்து நான்கு கோழிகளையே வாங்கி வந்துவிட்டாள்.

வாசலில் செக்யூரிட்டி மோசஸ் மறித்தார். "மேடம், கோழிங்கள இன்னான்னு எழுதிக்கறது? விசிட்டரா, டெலிவரியா?"

"இங்கயேதான் இருக்கப் போகுதுங்க."

"அப்ப குடித்தனம். செக்ரட்டரி சார் சொல்லணும்."

செயலாளர் லட்சுமணன் மென்பொருள் நிறுவனத்தில் மேலாளர். குழு போடாமல் எடுத்த முடிவு அவருக்குச் செரிக்காது. உடனே 'கோழிகள் வீட்டுவசதிக் குழு' உதயமானது. நானும் உறுப்பினன். குழுவின் பரிந்துரை வரும்வரை கோழிகள் பிரதீபா வீட்டுக் குளியலறையில் தங்கலாம் என்று பெருந்தன்மையுடன் அனுமதித்தோம். அந்த வீட்டில் குளியலறை ஒன்றுதான். அவள் கணவன் அபிஷேக் குளிப்பதற்காகத் தினமும் செங்கல்பட்டில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய் வந்தான்.

"சார், ஒரு கூண்டு வாங்கிடலாமே?" என்று கெஞ்சினான்.

லட்சுமணன் அதிர்ந்துபோனார். "வீடு விஷயத்துல அவசரப்படலாமா அபிஷேக்? மழைத் தண்ணி எந்தப் பக்கம் ஓடும்? காத்து வருமா? சுவர்ல ஈரம் ஏறுமா? ஒரு ஜீவன் குடியிருக்கப் போற இடம்யா!"

அனைத்தும் ஆராயப்பட்டன. எந்தத் திசை பார்த்து முட்டையிட்டால் நல்லது என்று கேட்க வாஸ்து நிபுணரை வரவழைத்தோம். கோழிக்கே தெரியும் என்று சொல்லிவிட்டு அவர் கட்டணம் வாங்கிப் போனார். கடைசியில் வளாகத்திலேயே மேடான இடத்தில், ஆளுயரத் தூண்களின் மேல், ஒழுகாத கூரையோடு கட்டி முடித்தோம். எதிர்கால விரிவாக்கம் கருதி நூறு கோழிகளுக்கு இடம் விட்டோம். கூண்டு என்று சொன்னவர்களை லட்சுமணன் திருத்தினார். அது இல்லம்.

திறப்பு விழாவன்று மழை பிடித்துக்கொண்டது. ஏரி தன் பழைய இடத்துக்கு உரிமையோடு வந்து உட்கார்ந்தது. குழுவினர் வீடுகள் உட்படத் தரைத்தளம் முழுக்க இடுப்பளவு தண்ணீர். அபிஷேக் கக்கத்துக்கு இரண்டாகக் கோழிகளை இடுக்கிக்கொண்டு இல்லத்துக்கு வந்தான். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குழுவினர் அனைவரும் குடும்பத்தோடு உள்ளே இருந்தோம். குக்கர் இரண்டாவது விசில் அடித்தது.

"சார், கோழிங்க?"

"மாடியில யார் பாத்ரூமாவது கேட்டுப் பாரு," என்றார் லட்சுமணன் வலை ஜன்னல் வழியாக. "இங்க இடமே இல்ல. ஆனா வீடுன்னா இதுதான்யா வீடு! காத்து, வெளிச்சம், சொட்டு ஈரம் கிடையாது."

"நம்ம வீடுங்கள வாங்கறப்ப இதெல்லாம் ஒருத்தரும் கேக்கலையா சார்?"

லட்சுமணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "கேக்காம இருப்போமா? நீச்சல் குளம் இருக்கான்னு எல்லாரும்தான் கேட்டோம்."

அபிஷேக் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தான். பில்டர் வாக்குத் தவறவில்லை. எங்கள் எல்லோருக்கும் குளம் கிடைத்திருந்தது. செங்கல்பட்டுக்குப் போகாமலே அபிஷேக்கும் அன்று குளித்துவிட்டான்.