பஞ்ச் போட முடியாத மனு

அன்றைய கிராம சபைக்கு வந்திருந்தவர்கள்: ஊராட்சித் தலைவர், கிளார்க், சுமார் நாற்பது பெரியவர்கள், முப்பது குழந்தைகள், அவர்களுக்கு மாலையில் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த நான். வராதவர்: லேமினேஷன் பாய். ஆனால் அன்றைக்கு அங்கே அதிகம் திட்டு வாங்கியவர் அவர்தான்.

உலகத்தை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, சூடாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய ஒரே மனிதர் அவர். குரோம்பேட்டையில் ஜெராக்ஸ் கடை. செல்போனில் இன்கமிங் அப்போதுதான் இலவசமாகியிருந்த காலம் அது. ஒருவர் ராஜினாமா கடிதத்தை ஜெராக்ஸ் எடுக்க வந்தார். பாய் பழக்க தோஷத்தில் அதை லேமினேட் செய்துவிட்டார். பிறகு வந்தவருக்கு மனசு மாறியும் கடிதத்தைக் கிழிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல் வேலையை விட்டார் என்று கடைத்தெருவில் சொல்வார்கள். கடைச் சுவரில் லேமினேட் செய்த வேப்பிலை ஒன்று தொங்கும்.

"இது எதுக்கு பாய்?"

"பாக்க நல்லா இருந்திச்சு. வாடிப்பூடுமேன்னு போட்டேன்."

அவருக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான், இரும்பு. யாராவது பின் குத்திய தாளை நீட்டினால் அலறுவார். "பின்ன எட்றா! உள்ள போனா ரோலர் பூடும்! நானூத்தம்பது ரூபா!"

எங்கள் ஊராட்சி திருமுடிவாக்கத்தைத் தாண்டி இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் ஒரு கால்வாய். அதன்மேல் யாரோ எப்போதோ போட்டுவைத்த பழைய மின்கம்பம்தான் பாலம். முந்தைய மழையில் ஏழாவது படிக்கும் செல்வி அதிலிருந்து வழுக்கி விழுந்தாள். புத்தகப்பை போய்விட்டது. அவளை மட்டும் சடையைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். "அடுத்த மழைக்கும் இதே கம்பம்னா, படிப்பு போதும், வூட்டோட இரு" என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எழுதிக் கொடுத்தால் எதுவும் நடக்கும் என்று எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு மே தினக் கிராம சபையில் மனு கொடுத்தேன். கிளார்க் அதை வைத்து விசிறிக்கொண்டார். ஆகஸ்ட் பதினைந்தில் கொடுத்தது மிட்டாய் மடிக்கப் போனது. சபை நோட்டில் இரண்டு தடவையும் இரண்டே வார்த்தை: "மனுக்கள் பெறப்பட்டன." மிச்சமிருந்தது அக்டோபர் இரண்டு. அதை விட்டால் மழைதான்.

செல்வியை அழைத்துக்கொண்டு, மூன்றாவது மனுவை ஜெராக்ஸ் எடுக்கப் பாய் கடைக்குப் போனேன். பாய் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"யாரு எழ்துனது?"

"நான்தான் பாய்."

"'தங்களின் மேலான கவனத்திற்கு'... 'ஆவன செய்யுமாறு'... இதுல புள்ள எங்க கீது தம்பி? பாப்பா, நீ சொல்லு. உனுக்கு இன்னா பேஜாரு?"

செல்வி ஒரே மூச்சில் சொன்னாள். முந்தின இரண்டு மனுக்கள் போன கதையையும் சேர்த்துச் சொன்னாள்.

"அத்தயே எழ்து. லேமினேட் பண்ணித் தரேன். எவன் விசிறுறான், எவன் மிட்டாய் மடிக்கிறான், பாத்துடலாம்."

நான் பர்ஸை எடுத்தேன். தடுத்துவிட்டார்.

"நீ குட்த்தா அது உன் மனு. நான் ஓசில போட்டா என் மனு. புள்ளைங்க மனுக்குப் புள்ளைங்கதான் குட்க்கணும். பெரிய சைஸு, பதினஞ்சு ரூபா. ஆளுக்கு எட்டணா. நான் அங்க வரவும் மாட்டேன், எனுக்கு அந்த ஊர்ல ஓட்டு இல்ல."

"எங்களுக்கும்தான் ஓட்டு இல்ல பாய்" என்றாள் செல்வி.

"உனுக்குக் கால்வாய் கீதே!"

அக்டோபர் இரண்டு. செல்வி சொன்னதை அப்படியே எழுதி, ஆளுக்கு ஐம்பது காசு போட்டு லேமினேட் செய்த மனுவை அவளே நீட்டினாள். கிளார்க் வாங்கி, வழக்கம்போல் ரப்பர் சீலைக் குத்தினார். சீல் சர்ரென்று வழுக்கியது. மறுபடி அழுத்தினார், மை அவர் கட்டைவிரலுக்கு வந்தது, அங்கிருந்து வெள்ளைச் சட்டைக்குப் போனது. கையெழுத்துப் போடப் பார்த்தார். பேனா பனிக்கட்டியில் விட்ட சைக்கிளைப் போல ஓடியது. கோப்பில் கோப்பதற்குப் பஞ்ச் மெஷினை அழுத்தினார். அது மனுவைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது.

"எவன்யா இத லேமினேட் பண்ணவன்?"

முப்பது குரல்கள் ஒன்றாக: "லேமினேஷன் பாய்!"

"அந்த ஆள அப்படியே மூளையையும் லேமினேட் பண்ணிக்கச் சொல்லு! சீல் ஒட்டல, ஓட்டை விழல, ஃபைல்ல எப்படிம்மா வைக்கிறது? திருப்பி எடுத்துட்டுப் போ."

எனக்குக் காது சுட்டது. முறைப்படி எழுதிய மனுவை விட்டுவிட்டுப் பாய் பேச்சைக் கேட்டேனே என்று நொந்துகொண்டேன். செல்வி நகரவில்லை.

"ஃபைல்ல வைக்க முடியலன்னா நோட்டுல எழுதிக்கோங்க சார்."

பெரியவர்களில் யாரோ, "அதான, எழுதிக்க வேண்டியதுதான?" என்றார். தலைவரும் தலையாட்டினார். கிளார்க் மனுவை நிமிர்த்திப் பிடித்தார். வெயிலில் அது கண்ணாடிபோல அடித்தது. ஓர் எழுத்தும் தெரியவில்லை. "நீயே படிச்சுத் தொலை, எழுதிக்கிறேன்" என்று சபை நோட்டைத் திறந்தார்.

செல்வி தாளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"தலைவர் அவர்களுக்கு. பள்ளிக்கூடம் போக நாங்கள் கால்வாயில் கம்பத்தின் மேல் நடக்கிறோம். போன மழையில் நான் விழுந்தேன். இந்த மழைக்கும் கம்பம்தான் என்றால் அப்பா என் படிப்பை நிறுத்திவிடுவார். அப்பா மேல் தப்பில்லை. கம்பம் உருண்டையாக இருக்கிறது."

கடைசி வரிக்கு யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கிளார்க் அந்த வரியையும் விடாமல் எழுதினார்.

இப்படி முழுசாக நோட்டில் ஏறிவிட்டால் அதற்கொரு முடிவு எழுதியாக வேண்டும். தலைவர் சொன்னார், "குழாய் பாலம் போடலாம்னு தீர்மானம் எழுதிக்கோ."

பெரியவர்கள் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசியாக, பந்தல் ஓரத்தில் நின்றிருந்த ஒருவர் என்னிடம் வந்தார். செல்வியின் அப்பா.

"எங்க வெக்கணும் தம்பி?"

காட்டினேன். கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டு, மகளைப் பார்க்காமலேயே சொன்னார். "பாலம் வந்தா இஸ்கூலுக்குப் போட்டும். உருண்டைன்னு எனக்கு மட்டும் தெரியாதா இன்னா?"

முதல் பெருமழைக்கு நாலு நாள் முன்னால் இரண்டு சிமெண்ட் குழாய்கள் வந்து இறங்கின. மேலே கான்கிரீட் காய்வதற்குள் செல்வி நடந்து பார்த்துவிட்டாள். அவள் கால்தடம் அதிலேயே நின்றுபோனது.

பாயிடம் சொல்ல ஓடினேன். கடையில் பாதி ஷட்டர் இறங்கியிருந்தது. உள்ளே லேமினேஷன் மெஷின் வயிறு திறந்து கிடந்தது. பக்கத்தில் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். சுவரில், வேப்பிலைக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று தொங்கியது: பாதி கருகிய பிளாஸ்டிக் தாள், அதற்குள் வரிசை வரிசையாக முப்பது எட்டணா.

"இன்னா பாய் இது?"

"புள்ளைங்க சபைக்குன்னு குட்த்த மொதல் காசு தம்பி. செலவு பண்ண மன்சு வர்ல."

"ரோலர்?"

"பூட்ச்சு" என்றார், சுவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டு.

பதினைந்து ரூபாய் வாடாமல் இருக்க அவருக்கு ஆன செலவு, நானூற்றைம்பது ரூபாய்.